பைல் துளையில் கான்கிரீட் மட்டம்: சைட்டில் அடிக்கடி எழும் கேள்விகள்

நிலத்தில் துளையிட்டு அங்கேயே வார்க்கும் பைல்களில் (கட்டடத்தின் எடையை ஆழத்துக்குக் கடத்தும் கான்கிரீட் தூண்கள்) கான்கிரீட் எதுவரை ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. மேலே தெரிவது, துளைச் சுவர் சரியாமல் தாங்கும் களிமண் குழம்பான பென்டோனைட் கலவையோ தண்ணீரோதான். கீழே நடப்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். சைட்டுக்குப் புதிதாக வரும் பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் வரும் எண்கள் பொதுவான நடைமுறை அளவுகள். உங்கள் வேலையின் விவரக்குறிப்பு வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

எத்தனை லாரி ஊற்றினோம் என்ற கணக்கு இருக்கிறதே, மட்டத்தைத் தனியாக ஏன் அளக்க வேண்டும்?

எவ்வளவு கான்கிரீட் உள்ளே போனது என்பதைத்தான் லாரிக் கணக்கு சொல்லும். அது எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லாது. துளையின் சுவர் ஓரிடத்தில் சரிந்து குழியாகியிருந்தால் கான்கிரீட் பக்கவாட்டில் போய்விடும், மட்டம் ஏறாது. மண் உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருந்தால் கொஞ்சக் கான்கிரீட்டுக்கே மட்டம் சட்டென்று ஏறிவிடும். இரண்டிலும் லாரிச் சீட்டில் ஒரே 6 கன மீட்டர்தான் எழுதியிருக்கும்.

அதேபோல மட்டத்தை மட்டும் அளந்தாலும் பயனில்லை. ஊற்றிய அளவு, மட்டம், டிரெமி குழாயின் (கான்கிரீட்டைத் துளையின் அடிவரை இறக்கும் குழாய்) நுனி நிற்கும் ஆழம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கீழே நடப்பது புரியும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தையே சுற்றி வருகின்றன.

மட்டத்தை எதை வைத்து அளக்கிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் இன்றும் டேப்பும் குண்டும்தான். நீளாத டேப்பின் நுனியில் ஓர் எடையைக் கட்டி, கம்பிக்கூட்டுக்கும் டிரெமி குழாய்க்கும் இடையில் இறக்குவார்கள். துளைச் சுவரைத் தாங்கும் இரும்புக் குழாயான கேசிங்கின் மேல் விளிம்பிலிருந்து ஆழத்தைப் படிப்பார்கள்.

எளிய கருவிதான், ஆனாலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எடை மிகவும் லேசாக இருந்தால் மேலே கெட்டியாகிப்போன பென்டோனைட்டிலேயே நின்றுவிடும். மிகக் கனமாகவோ கூர்மையாகவோ இருந்தால் புதுக் கான்கிரீட்டுக்குள் இறங்கிவிடும். அடிப்பக்கம் தட்டையான, ஒல்லியான இரும்பு உருளை நல்லது. டேப்பின் பூஜ்யம் எடையின் அடியிலிருந்து தொடங்குகிறதா, கொக்கியிலிருந்து தொடங்குகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இதில் 20 செ.மீ. தவறு நுழைந்தால் பைல் முழுவதற்கும் அது கூடவே வரும்.

இன்னொன்று, கேசிங் விளிம்பிலிருந்து அளக்கிறோம் என்றால் கேசிங் அசையாமல் இருக்க வேண்டும். கேசிங்கைத் தூக்கிய பிறகு பழைய விளிம்பை வைத்துக் கணக்குப் போட்டால் மொத்தப் பதிவும் வீண்.

குண்டு நின்றது கான்கிரீட்டின் மேலா, அதற்கு மேலுள்ள சேற்றின் மேலா? எப்படித் தெரியும்?

இது கைப்பழக்கம் சார்ந்தது. நல்ல கான்கிரீட்டில் குண்டு தொட்டதும் தெளிவாக நிற்கும். லேசாகத் தூக்கிப் போட்டால் கல்லில் படும் உணர்வு டேப் வழியாகக் கைக்கு வரும். கலங்கிய சேறு என்றால் குண்டு மெதுவாக அமிழும், தூக்கும்போது பிடித்து இழுப்பது போல இருக்கும்.

இரண்டுக்கும் இடையே கோடு போட்ட மாதிரி எல்லை கிடையாது. முதலில் ஊற்றிய கான்கிரீட், பென்டோனைட் கலவையோடு உரசிக்கொண்டே மேலே வருவதால், அதன் தலையில் சிமென்ட் பாலும் மணலும் பென்டோனைட்டும் கலந்த பலமற்ற அடுக்கு ஒன்று சேரும். கலவையில் மணல் அதிகமாக மிதந்துகொண்டிருந்தால் அந்த அடுக்கு தடிக்கும். கான்கிரீட்டுக்கு முன் கலவையின் மணல் அளவையும் அடர்த்தியையும் சோதிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முடிவுக்கு வரும் நேரத்தில் சந்தேகம் இருந்தால் நீண்ட கம்பியின் நுனியில் மூடியுள்ள சிறு குவளையைப் பொருத்தி, அளந்த ஆழத்திலிருந்து மாதிரி எடுத்துப் பாருங்கள். ஜல்லி வந்தால் கான்கிரீட். வெறும் சாம்பல் நிறக் கூழ் வந்தால் இன்னும் ஊற்ற வேண்டும்.

ஓரிடத்தில் அளந்தால் போதுமா?

போதாது. கான்கிரீட்டின் மேற்பரப்பு தண்ணீர் போலச் சமமாக இருக்காது. டிரெமி குழாயை ஒட்டி உயர்ந்தும், கம்பிக்கூட்டுக்கு வெளியே மண் சுவரை ஒட்டித் தாழ்ந்தும் இருக்கும். கம்பிகள் நெருக்கமாக இருந்தாலோ கான்கிரீட்டின் ஓட்டம் குறைந்துபோயிருந்தாலோ உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசம் பெரிதாகும். கம்பிக்கு வெளியே இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் கான்கிரீட் நிற்க வேண்டும். அங்கே மட்டம் பின்தங்கினால் சேறு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அதனால் குறைந்தது மூன்று இடங்களில் அளப்பது நல்லது. முடிந்தால் அதில் ஒன்று கூட்டுக்கு வெளியே இருக்கட்டும். மூன்று எண்களையும் எழுதுங்கள், சராசரியை மட்டும் எழுதாதீர்கள். கன அளவுக் கணக்குக்குச் சராசரி போதும். குழாயைத் தூக்கலாமா, ஊற்றுவதை நிறுத்தலாமா என்ற முடிவுகளுக்கு மூன்றில் தாழ்ந்த மட்டத்தைத்தான், அதாவது ஆழம் அதிகமாகக் காட்டும் எண்ணைத்தான், எடுக்க வேண்டும்.

எப்போதெல்லாம் அளக்க வேண்டும்?

ஒவ்வொரு லாரி முடிந்ததும். டிரெமி குழாயின் துண்டு ஒன்றைக் கழற்றுவதற்கு முன். கேசிங்கைத் தூக்குவதற்கு முன்னும் பின்னும். கடைசி சில மீட்டர்களில் இன்னும் அடிக்கடி. அளக்கும்போது ஊற்றுவதை நிறுத்தி, குழாய்க்குள் கான்கிரீட் அடங்கியபின் டேப்பை இறக்குங்கள்.

முதல் லாரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

டிரெமி குழாயின் நுனி துளையின் அடியிலிருந்து 15 முதல் 30 செ.மீ. மேலே நிற்கும். முதலில் இறங்கும் கான்கிரீட் அந்த நுனியை ஒரே மூச்சில் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பென்டோனைட் கலவை குழாய்க்குள் புகுந்து கான்கிரீட்டோடு கலந்துவிடும். பைலின் அடிப்பாகம்தான் பலியாகும்.

எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துளை 1 மீ. விட்டம், 20 மீ. ஆழம், குழாய் 25 செ.மீ. விட்டம், அடியில் 30 செ.மீ. இடைவெளி, அதற்கு மேல் 2 மீ. கான்கிரீட் மூட வேண்டும் என்று வையுங்கள். 2.3 மீ. உயரத்துக்கு 1.8 கன மீட்டர் தேவை. வெளியே நிற்கும் பென்டோனைட்டின் அழுத்தத்துக்கு ஈடாகக் குழாய்க்குள்ளும் சுமார் 8 மீ. உயரத்துக்குக் கான்கிரீட் நிற்கும், அது 0.4 கன மீட்டர். ஆக மொத்தம் 2.2 கன மீட்டர் தடையில்லாமல் இறங்க வேண்டும். மேலே இருக்கும் புனல் அரை கன மீட்டர்தான் பிடிக்கும் என்றால், லாரியின் சரிவு புனலுக்கு மேலேயே நின்று நிற்காமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். புனலை நிரப்பிவிட்டு லாரியை நகர்த்தும் வேலையெல்லாம் இங்கே ஆகாது.

முதல் கான்கிரீட் போனதும் உடனே டேப்பை இறக்குங்கள். நுனி மூடியிருக்கிறதா என்பதற்கு நம்பகமான சான்று அந்த அளவுதான்.

டிரெமி குழாய் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு மூழ்கியிருக்க வேண்டும்?

குறைந்தது 1.5 முதல் 3 மீ. வரை என்பது பரவலான வழக்கம். விட்டம் பெரிதாகும்போது கூடுதல் ஆழம் கேட்பார்கள். மிக ஆழமாக மூழ்கவிடுவதும் ஆபத்து: கான்கிரீட் இறங்காமல் அடைக்கும், குழாய் சிக்கிக்கொள்ளும், சில வேளை கம்பிக்கூட்டையே மேலே தூக்கிவிடும்.

ஓர் உதாரணம். துளையின் ஆழம் 24 மீ., குழாயின் நுனி 23.8 மீ. ஆழத்தில். முதல் லாரிக்குப் பின் மூன்று இடங்களில் அளவு 16.6, 16.8, 17.0 மீ. தாழ்ந்த இடம் 17.0. ஆகவே குழாய் 6.8 மீ. மூழ்கியிருக்கிறது. 3 மீ. துண்டு ஒன்றைக் கழற்றினால் 3.8 மீ. மீதி, பரவாயில்லை. இரண்டாவது துண்டையும் சேர்த்துக் கழற்றினால் 0.8 மீ.தான் மிஞ்சும், கூடாது. இந்தக் கழித்தலைப் போடாமல் “போன பைலில் ரெண்டு துண்டு எடுத்தோம், இதிலும் எடுக்கலாம்” என்று கிரேன் இயக்குபவரிடம் சொல்லும் பழக்கம் எல்லா சைட்டிலும் உண்டு. பிரச்சினைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

ஊற்றிய அளவையும் மட்டத்தையும் எப்படி ஒப்பிடுவது?

முன்கூட்டியே ஒரு வரைபடத் தாள் தயார் செய்யுங்கள். கிடைக்கோட்டில் கன மீட்டர், நெடுக்கோட்டில் ஆழம். துளையின் விட்டப்படி வர வேண்டிய நேர்க்கோட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு லாரிக்குப் பிறகும் உண்மையான புள்ளியை அதன்மேல் குறியுங்கள்.

1 மீ. விட்டத் துளையின் பரப்பு 0.785 சதுர மீட்டர். 6 கன மீட்டர் ஊற்றினால் மட்டம் 7.6 மீ. ஏற வேண்டும். (குழாய்க்குள் நிற்கும் கான்கிரீட்டையும் கம்பியின் கன அளவையும் இங்கே விட்டுவிடுகிறேன், சிறிய அளவுதான்.) மேலே சொன்ன அதே 24 மீ. பைலைத் தொடருவோம். முதல் லாரிக்குப் பின் சராசரி மட்டம் 16.8 மீ., அதாவது 7.2 மீ. ஏற்றம். கணக்கைவிட 6 சதவீதம் கூடுதலாகக் கான்கிரீட் குடித்திருக்கிறது. துளை எப்போதும் கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கும், இது இயல்பு.

இரண்டாவது லாரிக்குப் பின் மட்டம் 11.9 மீ. ஏற்றம் 4.9 மீ. மட்டும். 56 சதவீதம் கூடுதல். அந்தப் பகுதியில் துளை சராசரியாக 1.25 மீ. விட்டம் ஆகியிருக்க வேண்டும்.

மூன்றாவது லாரிக்குப் பின் 2.9 மீ. ஏற்றம் 9 மீ. இப்போது கணக்கைவிட 15 சதவீதம் குறைவு. விட்டம் 92 செ.மீ. ஆகச் சுருங்கியதற்குச் சமம்.

முதலில் பெருத்து, பிறகு சுருங்கிய பைல் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இரண்டு லாரியையும் சேர்த்துப் பாருங்கள்: 12 கன மீட்டருக்கு 13.9 மீ. ஏற்றம், 10 சதவீதம் கூடுதல். இயல்பான எண். நடுவில் அளந்த 11.9 என்பதே தவறாக இருக்கலாம். ஆனால் உண்மையிலேயே ஓரிடத்தில் சரிந்த மண் மேலே வந்து இன்னோரிடத்தை அடைத்திருக்கவும் கூடும், இரண்டுக்கும் வரைபடம் ஒரே மாதிரிதான் தெரியும். இதைத் தீர்க்க ஒரே வழி, விநோதமான எண் வந்த அந்த நிமிடமே, அடுத்த லாரியைத் தொடங்காமல், வேறு இடத்தில் மறுபடி அளப்பது. அரை மணி நேரம் கழித்து அளந்தால் அந்தத் தகவல் போய்விட்டது, திரும்பக் கிடைக்காது.

கூடுதலாகக் குடிப்பது மோசமா, குறைவாகக் குடிப்பது மோசமா?

குறைவாகக் குடிப்பதுதான். கூடுதல் என்றால் பெரும்பாலும் பணம் விரயம், கூடவே பக்கத்து மண் தளர்ந்திருக்கிறதா என்ற கவலை. கோட்பாட்டு அளவைவிடக் குறைவாகக் கான்கிரீட் போய் மட்டம் ஏறிவிட்டது என்றால், கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணோ சேறோ இருக்கிறது என்று அர்த்தம். லாரியில் அளவு சரியாக வந்ததா, துளையின் ஆழம் கான்கிரீட்டுக்கு முன் மறுபடி அளக்கப்பட்டதா என்று பாருங்கள். அடியில் வண்டல் படிந்து துளை அரை மீட்டர் குறைந்திருந்தாலும் கணக்கு இப்படித்தான் காட்டும்.

கேசிங்கை உருவும்போது மட்டம் இறங்குகிறது. பயப்பட வேண்டுமா?

ஓரளவு இறங்கத்தான் செய்யும். கேசிங்கின் இரும்பு இருந்த இடத்தைக் கான்கிரீட் நிரப்ப வேண்டுமே. 1 மீ. உள்விட்டம், 12 மி.மீ. தடிமன் உள்ள கேசிங் 10 மீ. நீளத்துக்குக் கான்கிரீட்டில் நின்றிருந்தால், முழுதும் உருவிய பின் மட்டம் அரை மீட்டர் அளவு இறங்கும். கேசிங்குக்கு வெளியே வெற்றிடம் இருந்தால் இன்னும் அதிகம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இறங்கிய பிறகும் கான்கிரீட் மட்டம் கேசிங்கின் அடி விளிம்புக்கு மேல் போதுமான உயரத்தில் இருக்க வேண்டும். வெளியே நிற்கும் நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் கான்கிரீட்டின் எடை வெல்ல வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரும் மண்ணும் உள்ளே தள்ளி, பைல் அங்கே மெலிந்து கழுத்து விழும். ஆகவே கேசிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, தேவையான இடத்தில் மேலும் ஊற்றுங்கள். கேசிங் ஏறும்போது மட்டமும் கூடவே ஏறினால் உடனே நிறுத்துங்கள். கான்கிரீட் இறுகத் தொடங்கி கேசிங்கோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

பைலின் தலை தரைமட்டத்துக்குப் பல மீட்டர் கீழே நிற்க வேண்டும் என்றால் எப்படி நிறுத்துவது?

அடித்தளம் ஆழமான கட்டடங்களில் வரும் சிக்கல் இது. கட்-ஆஃப் மட்டம், அதாவது பைலின் தலை முடிய வேண்டிய மட்டம், தரைக்கு 8 அல்லது 10 மீ. கீழே. தரைமட்டம் வரை ஊற்றும் பைலில் நல்ல கான்கிரீட் வழியும்வரை ஊற்றிக் கண்ணால் பார்த்து நிறுத்தலாம். இங்கே அந்த வசதி இல்லை, டேப்பை நம்பியே நிறுத்த வேண்டும்.

தலையில் இருக்கும் பலமற்ற அடுக்கைப் பின்னால் உடைத்தெடுப்பதற்காகக் கட்-ஆஃபுக்கு மேல் கூடுதலாக ஊற்றச் சொல்வார்கள். கட்-ஆஃப் ஆழமாக ஆக இந்தக் கூடுதல் உயரமும் அதிகரிக்கும், ஏனென்றால் அளவின் நம்பகம் குறைகிறது. அனுபவத்தில் எல்லோரும் செய்வது, பயந்துகொண்டு இன்னும் ஒரு மீட்டர் சேர்த்து ஊற்றுவது. 1.2 மீ. விட்டப் பைலில் ஒரு மீட்டர் என்பது 1.13 கன மீட்டர். ஊற்றவும் செலவு, மண் தோண்டிய பிறகு உடைக்கவும் செலவு. குறைவாக நிறுத்தினால் அதைவிடப் பல மடங்கு செலவு, தோண்டி இறங்கிப் பைலை மேலே கட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் நான் கூடுதலாக ஊற்றுவதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் மாதிரிக் குவளையை ஒரு தடவை இறக்கிப் பார்த்தால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

டிரெமி குழாயைக் கடைசியாக முழுவதும் உருவும்போது மட்டம் கொஞ்சம் இறங்கும், பிறகு கான்கிரீட் நீர் கசிந்து அமர்வதாலும் இறங்கும். குழாயை எடுத்த பின் இன்னொரு முறை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

டேப்புக்குப் பதில் சென்சார் வைக்கலாமா?

வைக்கலாம், குறிப்பாக ஆழமான கட்-ஆஃபுக்கு. பல வகை உண்டு. அழுத்த சென்சாரைக் கம்பிக்கூட்டில் கட்-ஆஃப் உயரத்தில் கட்டிவிடுவது ஒன்று. பென்டோனைட்டின் ஒப்படர்த்தி 1.1 போல, கான்கிரீட்டுக்கு 2.4 போல. சென்சாரைத் தாண்டி ஒரு மீட்டர் கான்கிரீட் ஏறினால் அழுத்தம் சுமார் 13 கிலோபாஸ்கல் கூடும், அதிலிருந்து மட்டம் தெரியும். மின்கடத்தும் தன்மையின் மாற்றத்தைப் பார்க்கும் சென்சார்கள் உண்டு. அதிரும் கவைகொண்ட சென்சார்கள் அடர்த்தியான பொருளில் புதைந்ததும் அதிர்வு மாறுவதை வைத்துச் சொல்லும். கம்பிக்கூட்டோடு ஒளியிழைக் கேபிளைக் கட்டி, கான்கிரீட்டுக்கும் கலவைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பார்ப்பதும் உண்டு.

குறை என்னவென்றால் இவற்றில் பெரும்பாலானவை கட்டப்பட்ட ஓரிடத்தைப் பற்றித்தான் சொல்லும். கம்பிக்கூட்டை இறக்கும்போது கேபிள் அறுந்துபோவதும் சாதாரணம். பலமற்ற அடுக்கு சென்சாரை எட்டியதையே கான்கிரீட் வந்துவிட்டது என்று காட்டும் ஆபத்தும் இருக்கிறது. சென்சார் இருந்தாலும் டேப்பைக் கைவிடாதீர்கள்.

தொடர் திருகு ஆகர் பைலில் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. அங்கே திருகின் உள்ளீடற்ற தண்டு வழியாகக் கான்கிரீட்டை அழுத்தி, திருகை மேலே இழுத்துக்கொண்டே வருவார்கள். துளை எப்போதும் மண்ணாலோ கான்கிரீட்டாலோ நிறைந்தே இருக்கும், டேப் போட இடமே இல்லை. எந்திரத்தின் திரையில் ஆழம், கான்கிரீட் அழுத்தம், ஓட்டமானி காட்டும் அளவு ஆகிய மூன்றும் ஆழவாரியாகப் பதிவாகும். ஒவ்வொரு சிறு ஏற்றத்துக்கும் கோட்பாட்டு அளவைவிடக் கூடுதல் கான்கிரீட் போயிருக்கிறதா என்று இயக்குபவர் பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் அளவு விழும், பைல் அங்கே மெலியும். பம்பின் வீச்சுகளை எண்ணி அளவிடும் எந்திரம் என்றால் ஒரு வீச்சுக்கு எவ்வளவு என்பதை அன்றன்றே சரிபாருங்கள். வீச்சு முழுதாக நிரம்பாவிட்டால் திரை காட்டுவது உண்மையைவிட அதிகம்.

டிரெமி குழாய் கான்கிரீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. இப்போது?

முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள். உடனே மட்டத்தை அளந்து, குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அப்படியே குழாயை இறக்கித் தொடர்ந்து ஊற்றினால் நடுவில் ஒரு பட்டைச் சேறு சிறைப்பட்டுவிடும். கான்கிரீட் இன்னும் இளகியிருந்தால் அடைப்புப் போட்ட குழாயை உள்ளே தேவையான ஆழம் செருகி மறுபடி தொடங்கும் முறை இருக்கிறது. கலங்கிய அடுக்கை இறைத்துவிட்டுத் தொடங்குவதும் உண்டு. எதைச் செய்வது என்பது வடிவமைப்பாளரின் முடிவு. உங்கள் கடமை மறைக்காமல் ஆழத்தோடு எழுதிவைப்பது.

பைல் முடிந்த பின் சோதனை செய்யத்தானே போகிறோம், இந்தப் பதிவெல்லாம் எதற்கு?

சுத்தியலால் தட்டி எதிரொலியைக் கேட்கும் சோதனை ஏ.எஸ்.டி.எம். டி5882-இன்படி, குழாய்களுக்கிடையே ஒலியலை அனுப்பும் சோதனை டி6760-இன்படி, வெப்பச் சோதனை டி7949-இன்படி நடக்கும். அவை ஏதோ ஓர் ஆழத்தில் ஏதோ கோளாறு என்று காட்டும். அது கழுத்தா, மண் கலந்ததா, வெறும் வீக்கமா என்று பிரித்தறிய ஆய்வாளர் முதலில் கேட்பது கான்கிரீட் பதிவேட்டைத்தான். 12 மீ. ஆழத்தில் சோதனை ஒரு மாற்றம் காட்டி, பதிவேட்டிலும் அங்கே 56 சதவீதம் கூடுதல் என்று இருந்தால் அது பெரும்பாலும் வீக்கம், விஷயம் ஒரு பக்கக் குறிப்போடு முடியும். பதிவேடு இல்லையென்றால் பைலைத் துளைத்து மாதிரி எடுக்கச் சொல்வார்கள்.

பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

லாரி எண், வந்த நேரம், ஊற்றத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் அளவு), கன அளவு. மூன்று இடத்து மட்டங்கள். குழாயின் மொத்த நீளம், கழற்றிய துண்டுகள், நுனியின் ஆழம், மூழ்கிய அளவு. கேசிங் விளிம்பின் உயரம். இடையில் நின்ற நேரமும் காரணமும். இதை அங்கேயே, அப்போதே எழுதுங்கள். மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பிய தாள் பார்த்தவுடனே தெரிந்துவிடும்: எல்லா லாரியும் ஒரே இடைவெளியில் வந்திருக்கும், எல்லாப் பைலும் சரியாக 8 சதவீதம் கூடுதலாகக் குடித்திருக்கும்.